சுழியம் உண்மையா, பொய்யா? ஷெல்லுக்குள் கணக்கு நுழைந்த கதை

(பேச்சில் எழுத்தெழுத்தாகச் சொன்ன குறியீடுகளை வாசிக்க வசதியாக இங்கே குறிகளாகவே கொடுத்திருக்கிறோம்.)

லினக்ஸ் சர்வர்களைக் கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டவர்களுக்கு இது பழக்கமான விஷயமாக இருக்கும். ஏதோ ஒரு டைரக்டரியில் லிஸ்ட் போட்டுப் பார்க்கிறீர்கள். மற்ற ஃபைல்களுக்கு நடுவே 90 என்ற பெயரில் ஒரு ஃபைல். உள்ளே ஒன்றுமே இல்லை, சைஸ் சுழியம். யார் உருவாக்கினது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அழித்தால் மறுநாள் காலையில் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும்.

உருவாக்கியது ஆள் இல்லை, ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். டிஸ்க் 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பிவிட்டால் பழைய லாக் ஃபைல்களை அழித்துவிடு என்று யாரோ எழுதிவைத்தது. எழுதியவர் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரியே [ 40 > 90 ] என்ற வடிவில் எழுதியிருக்கிறார். 40 இருக்கிற இடத்தில் அன்றன்றைய டிஸ்க் அளவு வந்து உட்காரும். ஆனால் ஷெல்லுக்கு இந்த இடத்தில் > என்றால் ‘பெரியது’ என்று அர்த்தம் கிடையாது. ‘வருகிற வெளியீட்டை இந்த ஃபைலுக்குள் கொட்டு’ என்றுதான் அர்த்தம். அதனால் 90 என்று ஒரு ஃபைலைத் திறந்துவிட்டது. மிச்சம் இருப்பது [ 40 ] மட்டும். அடைப்புக்குள் ஏதோ ஒரு சொல் இருக்கு, காலியாக இல்லை, அப்போ உண்மை. டிஸ்க் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் உண்மை. ராத்திரிக்கு ராத்திரி லாக் அழிந்துகொண்டே இருக்கும். எர்ரர் என்று ஒரு வரிகூட வராது. என்றைக்காவது ஒரு பிரச்சினை வந்து போன வாரத்து லாக்கைத் தேடும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

சி, பைத்தான், ஜாவா எதிலும் ‘5 பெரிதா 3 பெரிதா’ என்று கேட்பது முதல் நாள் பாடம். ஷெல்லில் மட்டும் அதே கேள்விக்கு நாலைந்து விதமான அடைப்புக்குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சட்டம். இது ஏன் இப்படி ஆச்சு? ஷெல்லை வடிவமைத்தவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஷெல் பிறக்கும்போது அதற்குக் கணக்கே தெரியாது, ஒப்பிடவும் தெரியாது. சொல்லப்போனால் ‘இஃப்’ என்ற ஒன்றே அதற்குள் இல்லை.

1971-க்குப் போவோம். பெல் லேப்ஸ். யூனிக்ஸின் முதல் பதிப்பு அந்த நவம்பரில் வருகிறது. அதிலிருந்த ஷெல்லை எழுதியவர் கென் தாம்ஸன். ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயரில் இருக்கிற நிரலைத் தேடி ஓட்டும், அவ்வளவுதான் அதன் வேலை. பிறகு நிபந்தனை வேண்டும் என்ற தேவை வந்தபோது, அதையும் ஒரு தனி நிரலாகவே எழுதி வெளியே வைத்தார்கள். ‘இஃப்’ என்பது ‘எல்எஸ்’, ‘கேட்’ மாதிரி இன்னொரு நிரல். அதனிடம் ஒரு கேள்வியும் ஒரு கட்டளையும் கொடுப்பீர்கள். கேள்விக்குப் பதில் ஆமாம் என்றால் அந்தக் கட்டளையை அது ஓட்டும். என்ன கேள்வி கேட்கலாம்? இந்த ஃபைலைப் படிக்க முடியுமா, எழுத முடியுமா, இந்தச் சொல்லும் அந்தச் சொல்லும் ஒன்றா, வேறா, இந்தக் கட்டளை ஒழுங்காக முடிந்ததா. எண்களை ஒப்பிடுகிற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

இதைவிட வேடிக்கை ‘கோட்டு’. அதுவும் வெளியே இருந்த ஒரு நிரல்தான். வெளியே இருக்கிற நிரல் எப்படி ஷெல்லை வேறு வரிக்குத் தாவவைக்க முடியும்? ஷெல் ஒரு ஸ்கிரிப்டைத் தன் ஸ்டாண்டர்ட் இன்புட்டாக வைத்துப் படித்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து பிறந்த கோட்டு நிரலுக்கும் அதே திறந்த ஃபைல்தான் கிடைக்கும். ஃபைலில் ‘இப்போ எந்த இடத்தில் இருக்கோம்’ என்கிற குறிப்பு இரண்டு பேருக்கும் பொது. கோட்டு என்ன செய்யும் என்றால், ஃபைலின் தலைக்குப் போய், கேட்ட பெயர் எழுதிய வரி எங்கே என்று தேடி, அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் செத்துவிடும். ஷெல் கண்விழித்து அடுத்த வரியைப் படிக்கும்போது வேறு இடத்தில் இருக்கும். தனக்கு என்ன நடந்தது என்றே அதற்குத் தெரியாது. அந்தப் பெயர் வரிகள் ஒரு முக்காற்புள்ளியில் ஆரம்பிக்கும். ஒன்றுமே செய்யாத கட்டளையாக அந்த முக்காற்புள்ளி இன்றைய பாஷிலும் இருக்கிறது. நேரம் கிடைத்தால் டைப் செய்து பாருங்க, எதுவும் நடக்காது.

1970களின் நடுவில் பெல் லேப்ஸிலேயே ப்ரோக்ராமர்ஸ் வொர்க்பெஞ்ச் என்ற யூனிக்ஸ் வகை வந்தது. ஜான் மாஷி அதன் ஷெல்லில் இஃப், கோட்டு இரண்டையும் வெளியே விடாமல் உள்ளே கொண்டுவந்தார். கூட்டல் கழித்தலுக்கு ‘எக்ஸ்பர்’ என்ற நிரலும் அந்த யூனிக்ஸில்தான் தலைகாட்டியது. அதுவும் வெளி நிரல்தான்.

இன்றைக்கு நாம் எழுதுகிற ஷெல்லின் முகம் 1979-இல் வந்தது. யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு, ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல். போர்ன் அதற்கு முன்னால் கேம்பிரிட்ஜில் ஆல்கால் 68 மொழிக்குக் கம்பைலர் எழுதியவர். அந்த மொழியில் இஃப்-ஐ மூட அதையே திருப்பிப்போட்டு ‘ஃபி’, கேஸ்-ஐ மூட ‘ஈசாக்’. ஷெல்லுக்கும் அதையே கொண்டுவந்தார். முறைப்படி ‘டூ’-வை மூட ‘ஓடி’ என்று வரவேண்டும். ஆனால் ஓடி என்ற பெயரில் யூனிக்ஸில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருந்தது. ஒரு ஃபைலின் உள்ளடக்கத்தை எட்டின் அடிமான எண்களாகக் காட்டுகிற ‘ஆக்டல் டம்ப்’. அதனால்தான் நாம் இன்றும் ‘டன்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த ஆக்டலை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

போர்ன் ஷெல்லில் இஃப் உள்ளே வந்துவிட்டது, ஆனால் அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான்: நான் ஓட்டிய கட்டளை சுழியத்தைத் திருப்பிக்கொடுத்ததா? யூனிக்ஸில் ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஒரு எண்ணைத் தந்துவிட்டுப் போகும், எக்ஸிட் ஸ்டேட்டஸ். 0 என்றால் நல்லபடியாக முடிந்தது. மற்ற எண்கள் எல்லாம் கோளாறு. ஏன் வெற்றிக்குச் சுழியம்? நன்றாக முடிவதற்கு ஒரே வழிதான், கெட்டுப்போக எத்தனையோ வழி. கெட்ட விதத்தை வேறுபடுத்திச் சொல்ல நிறைய எண்கள் வேண்டும். உதாரணத்துக்கு ‘கிரெப்’ தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, ஃபைலையே திறக்க முடியவில்லை என்றால் 2. நியாயமான ஏற்பாடு. ஆனால் இதே பெல் லேப்ஸில், இதே ஆட்கள் பயன்படுத்திய சி மொழியில் 0 என்றால் பொய், மற்றதெல்லாம் உண்மை. ஒரே வீட்டில் இரண்டு கடிகாரம், ஒன்றுக்கொன்று நேர்மாறாக. அப்போது அது யாரையும் உறுத்தவில்லை, ஏனென்றால் ஷெல்லுக்குள் கணக்கு இல்லை.

அப்போ எண்களை ஒப்பிடுவது எப்படி? அதற்கு ‘டெஸ்ட்’ என்று ஒரு நிரல். ‘டெஸ்ட் 5 மைனஸ் ஜிடி 3’ என்றால் சரி என்று 0 தரும். இஃப் அதை வாங்கிக்கொள்ளும். இதே நிரலை [ என்ற பெயரிலும் கூப்பிடலாம். ஆமாம், சதுர அடைப்பு என்பது ஒரு நிரலின் பெயர். இன்றைக்கும் பல கணினிகளில் பின் டைரக்டரிக்குள் போய்ப் பார்த்தால் [ என்று ஒரு ஃபைல் இருக்கும். கடைசியில் வருகிற ] அதற்குக் கொடுக்கிற இன்னொரு சொல், அழகுக்காகக் கட்டாயமாக்கியது. புதிதாக வருகிறவர்கள் ‘அடைப்புக்குப் பக்கத்தில் ஏன் இடைவெளி விடணும்’ என்று கேட்பார்கள். கட்டளைக்கும் அதன் பிறகு வருகிற சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடுகிறோம் இல்லையா, அதேதான். விடாவிட்டால் ஷெல் ‘[5’ என்று ஒரு நிரலைத் தேடிப்போய், அப்படி ஒன்று இல்லை என்று திரும்பி வரும்.

> < இரண்டும் ஷெல்லிடம் ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தன. அதனால்தான் மைனஸ் ஜிடி, மைனஸ் எல்டி, மைனஸ் ஈக்யூ. இந்தச் சுருக்கங்கள் ஃபோர்ட்ரானிலும் உண்டு, அங்கே இரண்டு பக்கமும் புள்ளி வைத்து எழுதுவார்கள். காரணம் வேறு. அந்தக் காலத்து கார்டு துளையிடும் மெஷின்களில் > < என்ற குறிகளே கிடையாது. ஒரு இடத்தில் குறியே இல்லை, இன்னொரு இடத்தில் குறி இருந்தும் கை காலி இல்லை. இரண்டு பேரும் ஒரே சுருக்கத்தில் வந்து நின்றார்கள்.

கூட்டல் இன்னும் மோசம். ஒரு எண்ணை ஒன்று கூட்டவேண்டும் என்றால் எக்ஸ்பரை ஓட்டி, அது அச்சிடுகிற விடையை வாங்கி, மாறியில் போடவேண்டும். ஆயிரம் முறை சுற்றுகிற லூப் என்றால் ஒன்று கூட்டுவதற்காக மட்டும் ஆயிரம் புராசஸ் பிறந்து சாகும். பெருக்கவேண்டும் என்றால் * போடவேண்டும், ஆனால் ஷெல்லுக்கு * என்றால் ‘இங்கே இருக்கிற எல்லா ஃபைலும்’. முன்னால் பின்சாய்கோடு போடாவிட்டால் எக்ஸ்பரிடம் உங்கள் ஃபைல் பட்டியல் போய்ச் சேரும். இன்னொரு நுணுக்கம்: எக்ஸ்பர் போட்ட கணக்கின் விடை 0 என்றால் அதன் எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1. கணக்கு சரிதான், விடையும் சரிதான், ஆனால் ‘பொய்’ என்று சொல்லிவிட்டுப் போகும். இரண்டு கடிகாரமும் முதலில் உரசிக்கொண்ட இடங்களில் இது ஒன்று.

இந்தச் சமயத்தில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல் வேறு வழியில் போனது. சி மொழி மாதிரியே வட்ட அடைப்புக்குள் > போட்டு ஒப்பிடலாம். டெர்மினலில் உட்கார்ந்து டைப் செய்ய வசதி, ஸ்கிரிப்ட் எழுத அல்ல என்று பின்னாளில் பெயர் வாங்கியது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

பெல் லேப்ஸில் டேவிட் கார்ன் 1983-இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் தன் ஷெல்லை அறிமுகப்படுத்தினார். கார்ன் ஷெல்லில், குறிப்பாக அதன் 1988 பதிப்பில், நமக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. (( 5 > 3 )) என்று எழுதலாம். வெளி நிரல் கிடையாது, ஷெல்லே கணக்கு போடும், > இங்கே நிஜமாகவே ‘பெரியது’, * நிஜமாகவே பெருக்கல். கூடவே சொற்களுக்கும் ஃபைல்களுக்குமாக [[ ]]. பாஷ் இரண்டையும் 1990களில் எடுத்துக்கொண்டது. பிரையன் ஃபாக்ஸ் 1988-இல் குனு திட்டத்துக்காக எழுதத் தொடங்கிய ஷெல் அது.

இந்த இடத்தில்தான் இரண்டு கடிகாரமும் ஒரே சுவரில் மாட்டப்பட்டன. (( )) உள்ளே சி மொழியின் சட்டம்: 0 பொய். வெளியே ஷெல்லின் சட்டம்: 0 உண்மை. அதனால் அடைப்பு மூடும் இடத்தில் ஒரு தலைகீழ் மாற்றம் நடக்கிறது. உள்ளே விடை 0 என்றால் வெளியே ஸ்டேட்டஸ் 1, உள்ளே வேறு எது வந்தாலும் வெளியே 0. இஃப் போடும்போது இது உங்களுக்குத் தெரியவே தெரியாது, அவ்வளவு இயல்பாக இருக்கும். மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். ‘எந்தக் கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்டை நிறுத்து’ என்று செட் மைனஸ் இ போட்டு வைத்திருக்கிறீர்கள். ஒரு எண்ணிக்கை 0-வில் ஆரம்பிக்கிறது. (( )) உள்ளே அதற்குப் பின்னால் ++ போட்டு ஒன்று கூட்டுகிறீர்கள். பின்னால் ++ என்றால் கூட்டுவதற்கு முந்தைய மதிப்புதான் விடை, அதாவது 0. வெளியே அது 1, ‘தோல்வி’. முதல் சுற்றிலேயே ஸ்கிரிப்ட் வாயைத் திறக்காமல் நின்றுவிடும். பேக்கப் எடுக்கிற ஸ்கிரிப்ட் என்றால் நினைத்துப் பாருங்க.

[[ ]] உள்ளே வேறு கதை. அங்கே > ஃபைலைத் திறக்காது, ஆனால் எண்ணாகவும் பார்க்காது. அகராதி வரிசையில் பார்க்கும். [[ 9 > 10 ]] உண்மை, ஏனென்றால் 9 என்ற எழுத்து 1 என்ற எழுத்துக்குப் பின்னால் வருகிறது. ஆக ஒரே > குறி, ஒற்றைச் சதுரத்தில் ஃபைல் திறக்கும், இரட்டைச் சதுரத்தில் அகராதி புரட்டும், இரட்டை வட்டத்தில் மட்டும்தான் கணக்கு பார்க்கும்.

1992-இல் பாசிக்ஸ் தரநிர்ணயம் ஷெல்லுக்கும் வந்தது. அவர்கள் $(( )) வடிவத்தை ஏற்றுக்கொண்டார்கள். கணக்கைப் போட்டு விடையை அந்த இடத்தில் எண்ணாகவே வைத்துவிடும். அதற்கு முந்தைய வரைவு ஒன்றில் $[ ] என்று இருந்தது. பாஷ் அதை நம்பிச் சேர்த்துவிட்டது, அந்த எச்சம் இன்னும் அதற்குள் வேலை செய்கிறது. (( )) தனியாக, $ இல்லாமல், தரத்துக்குள் வரவில்லை. அதனால் தரத்துக்குள் நின்று எழுத விரும்புகிறவர்கள் [ $((10 % 3)) -eq 1 ] என்று இரண்டையும் கோத்து எழுதுவார்கள். (வரியில் நடுவே இருப்பது தமிழில் மைனஸ் ஈக்யூ என்று நான் சொன்னது.)

இப்போ ஆக்டல். $(( )) சி மொழியின் எண் எழுதும் முறையையும் சேர்த்தே கொண்டுவந்தது. சியில் 0-வில் ஆரம்பிக்கிற எண் எட்டின் அடிமானம். இந்தப் பழக்கம் சிக்கு முந்தைய பி மொழியில் இருந்தே வருகிறது. யூனிக்ஸ் பிறந்த பிடிபி-7 கணினியில் ஒரு சொல்லுக்கு 18 பிட், மூன்று மூன்றாகப் பிரித்தால் சரியாக ஆறு ஆக்டல் இலக்கம். அவர்களுக்கு அது அன்றாட வசதி. இப்போ ஒரு ஸ்கிரிப்ட், தேதியிலிருந்து மாதத்தை இரண்டு இலக்கமாக எடுத்துக் கணக்கு போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 01, ஜூலை 07, எல்லாம் சரி. ஆகஸ்ட் வந்தால் 08. ஆக்டலில் 8 என்ற இலக்கமே கிடையாது. பாஷ் எர்ரர் போட்டு நிற்கும். செப்டம்பரிலும் அதே. அக்டோபரில் 10, முன்னால் சுழியம் இல்லை, தானாகவே சரியாகிவிடும். மறுபடி அடுத்த ஆகஸ்ட். மணி, நிமிடம் என்றால் காலை 8-க்கும் 9-க்கும் நிற்கும். இதாவது பரவாயில்லை, சத்தம் போடுகிறது. 010 என்று ஒரு எண் வந்தால் சத்தமே இல்லாமல் அதை எட்டாக எடுத்துக்கொள்ளும். பாஷில் முன்னால் 10# என்று போட்டால் பத்தின் அடிமானமாகப் படிக்கும். பழைய ஒற்றைச் சதுரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, அது 08-ஐ எட்டு என்றே படிக்கும்.

2006-இல் உபுண்டு தன் 6.10 பதிப்பில் எஸ்ஹெச் என்ற பெயருக்குப் பின்னால் பாஷுக்குப் பதிலாக டாஷ் என்ற சின்ன ஷெல்லை வைத்தது. வேகம் அதிகம், ஆனால் தரத்தில் உள்ளது மட்டும். எஸ்ஹெச் என்று மேலே எழுதிவிட்டு உள்ளே பாஷ் வழக்கத்தைப் பயன்படுத்தியிருந்த ஸ்கிரிப்டுகள் அங்கங்கே உடைந்தன. நல்ல விதமாக உடைந்தால் எர்ரர் வரும். (( )) என்ன ஆகும் தெரியுமா? டாஷுக்கு அது கணக்கு இல்லை, ஒரு சப்ஷெல்லுக்குள் இன்னொரு சப்ஷெல். உள்ளே (( 5 > 3 )) என்று இருந்தால், 3 என்ற ஃபைலைத் திறந்துவிட்டு 5 என்ற நிரலைத் தேடும். அப்படி நிரல் இல்லை, அதனால் தோல்வி, அதனால் ‘பொய்’. இஃப் எல்ஸ் பக்கம் போகும். டைரக்டரியில் 3 என்று ஒரு காலி ஃபைல்.

கடைசியாக, கொஞ்சம் பயமுறுத்துகிற விஷயம். பாஷில் (( )) உள்ளே ஒரு மாறியைப் போட்டால், அதன் மதிப்பை வெறும் எண்ணாக எடுப்பதில்லை. அதையும் ஒரு கணக்காகவே படிக்கும். அந்த மதிப்பு ஒரு அரேயின் பெயரும் அதன் சதுர அடைப்புக்குள் ஒரு கட்டளையுமாக இருந்தால், அந்தக் கட்டளை ஓடிவிடும். [[ ]] உள்ளே மைனஸ் ஈக்யூ போட்டாலும் இதே கதி. அதாவது வெளி ஆள் கொடுத்த ‘எண்ணை’ சோதிக்காமல் ஒப்பிட்டாலே போதும், அவர் விரும்பியதை உங்கள் சர்வரில் ஓட்டிவிடலாம். 1979-இன் ஒற்றைச் சதுரம், பாஷில், அதே மதிப்பைப் பார்த்து ‘இது முழு எண் இல்லையே’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். யாரோ தருகிற மதிப்பு என்றால் நான் முதலில் அதில் இலக்கங்களைத் தவிர வேறு எதுவும் இருக்கிறதா என்று கேஸ் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு மைனஸ் ஜிடி-யோடு ஒற்றைச் சதுரம்தான் எழுதுவேன். பார்க்க அழகில்லைதான்.

தசம எண்களுக்கு என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். கார்ன் ஷெல்லின் 1993 பதிப்புக்குத் தசமம் தெரியும். பாஷுக்கு இன்றுவரை முழு எண் மட்டும்தான். சிஸ்டம் லோடு 0.75-ஐத் தாண்டியதா என்று பார்க்க, ராபர்ட் மாரிஸும் லொரிண்டா செர்ரியும் பெல் லேப்ஸில் எழுதிய ‘பிசி’ கால்குலேட்டரின் குனு வடிவத்திடம் அந்த ஒப்பீட்டை அனுப்புவார்கள். பிசிக்கு சியின் சட்டம், உண்மை என்றால் 1 என்று அச்சிடும். அந்த 1-ஐ வாங்கி ஒற்றைச் சதுரத்திடம் ‘இது 1-க்குச் சமமா’ என்று கேட்டால், அது ஆமாம் என்பதற்கு 0 தரும். இஃப் அந்த 0-வைப் பார்த்து உள்ளே போகும்.

அடுத்த பகுதியில் ‘ஆக்’ மொழி, 1977, அஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூன்று பேரின் கதை. கேள்விகள் இருந்தால் அனுப்புங்க.